தண்ணிக்குக் கழிவு

கல்லுமேட்டுத் தோட்டத்தில் போய்ச் செல்லசாமி யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கழிவையா எங்கே என்று கேளுங்கள், பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கொழுந்து மடுவத்தின் பக்கம் கையைக் காட்டும். நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஏறுகிற பஸ், இதற்கு மேல் என்னால் முடியாது என்று நின்றுவிடுகிற இடம்தான் அந்தத் தேயிலைத் தோட்டம். அங்கே பெண்கள் எடுத்துவருகிற கொழுந்தை மடுவத்தில் நிறுத்து, அன்றைய கூலிக்குப் பேர் போடுகிற வேலை கணக்கப்பிள்ளை செல்லசாமியுடையது. கணக்கப்பிள்ளை என்றால் 'ஆர்' விகுதி போட்டுத்தான் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிற இனம். போகட்டும், போட்டுவிடுவோம். அதையாவது கழிக்காமல் கொடுப்போம்.

அந்த மலையில் கழிவு என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். மழையில் நனைந்த கொழுந்து கனக்கும். அதனால் நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். நியாயம்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. செல்லசாமி தராசைப் பிடித்த பிறகு அந்த நியாயத்துக்குக் கைகால் முளைத்தது. மழைக்குக் கழித்தார். சாக்குக்குக் கழித்தார். முற்றின இலை என்று கழித்தார். மழை இல்லாத நாளில் பனிக்குக் கழித்தார். உச்சி வெயிலில் ஏதுங்க பனி என்று வீரம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள். மடுவத்தில் வாய்விட்டுக் கேட்கிற பெண் அவள் ஒருத்திதான். செல்லசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பனி இல்லாட்டி என்ன, ஒன் வேர்வை இருக்குல்ல. அந்தத் தண்ணிக்கு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தும் கொண்டார். அப்படி ஒரு நகைச்சுவை உணர்ச்சி மனுசனுக்கு.

நாளுக்கென்று வைத்த கிலோ குறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, கிடையாது, அரைப்பேர்தான். விடிந்ததிலிருந்து அட்டைக்கடியோடு மலை ஏறி இறங்கிய பெண், அந்திக்குத் தராசு முன்னால் அரை ஆளாகி வீட்டுக்குப் போவாள். கழித்த கொழுந்து மட்டும் குறையவில்லை. அது ஃபெக்டரிக்குப் போய் முழுத் தேயிலையாகவே கப்பல் ஏறியது. துரைக்கு, அதாவது தோட்டத்து மேனேஜருக்கு, இது தெரியாதா? நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து கழி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மாத முடிவில் செல்லசாமியின் தோளில் ஒரு தட்டு தட்டுவார். அந்த ஒரு தட்டுக்காக அடுத்த மாதம் முழுக்க இவர் கழிப்பார்.

இத்தனைக்கும் இவர் ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. அதே தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் பிறந்து, லயத்து ஓரத்தில் ஓடுகிற அதே சாக்கடைக் கானில் கால் கழுவி வளர்ந்தவர்தான். தாயும் தகப்பனும் விடியலில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, கூலி வேலை செய்து இவரைப் படிக்க வைத்தார்கள். படித்ததில் இவருக்குப் பிடிபட்ட பெரிய பாடம், துரை பேசி முடிப்பதற்குள் ஆமாங்க என்று சொல்வது. தமிழிலும் சொல்வார், சிங்களத்திலும் சொல்வார், தேவைப்பட்டால் இங்கிலீசிலும் சொல்வார். அந்தத் திறமையில் கணக்கப்பிள்ளையானார். குடியிருக்கக் குவாட்டஸ் கிடைத்தது. குவாட்டஸில் சொந்தமாக ஒரு கக்கூஸ் கிடைத்தது. அதன் பிறகு லயத்துப் பக்கம் போனால் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டுதான் போவார். லயத்து ஆட்கள் கொடுத்த தேத்தண்ணியைக் கையால் தொடமாட்டார், சுத்தம் போதாது என்பார். எந்த லயம்? தொப்புள்கொடி விழுந்த லயம்.

அவருடைய தாய் கடைசி வரை கொழுந்து எடுத்தவள். அவளும் இதே மடுவத்துக்குக் கூடையைச் சுமந்துகொண்டு வந்து மகன் முன்னால் நின்றாள். அவளுக்கும் கழித்தார். பெத்த தாயாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்று துரைக்குக் கேட்கும்படி சொன்னார். கிழவி கூடையை எடுத்துக்கொண்டு போனாள். இதை அவர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். கேட்கிறவர்கள் முகம் சுளிப்பதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவர் தலையில்தான் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு இடி விழுந்தது.

தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் மைக்கைப் பிடித்து, கொழும்பிலிருந்து வந்த தகவலை வாசித்தார். சுத்தமான தமிழ். அதில் பாதியை மைக்கின் விசில் சாப்பிட்டது. மீதியில் தோட்டம் முழுவதற்கும் தெளிவாகக் கேட்டது இவ்வளவுதான்: வருகிற வெள்ளிக்கிழமை நமது தோட்டத்தின் கழிவு நீர் தொடர்பாகப் பரிசோதனை செய்ய நிபுணர் குழு வருகிறது, எல்லோரும் உண்மையைச் சொல்லி ஒத்துழைக்க வேண்டும்.

உண்மையில் அவர்கள் வருவது கக்கூஸ் தண்ணீருக்காக. கொரோனா பத்திரிகையைவிட்டுப் போய்விட்டது, நாட்டைவிட்டுப் போகவில்லை. உருவத்தை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது யாரும் மூக்கில் குச்சிவிட்டுப் பார்த்துக்கொள்வதில்லை. அதனால் ஒரு பல்கலைக்கழகத்து ஆட்கள், கக்கூஸிலிருந்து வெளியே வருகிற தண்ணீரைப் போத்தலில் எடுத்து, எந்தத் திரிபு எந்த ஊருக்குள் நுழைந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். யாரும் இருமுவதற்கு முன்னாலேயே கான் சொல்லிவிடும். பொடியன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போய்வருகிற தோட்டம், நல்லதண்ணி சீசனில் யாத்திரைக் கூட்டம் நடந்து போகிற பாதை என்று கல்லுமேட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த லயத்துக் கானை எட்டிப் பார்க்காத பெரிய மனிதர்களுக்கு, அதில் ஓடுவதன் மேல் இப்போதுதான் ஆசை வந்திருக்கிறது. வரட்டும்.

ஆனால் கக்கூஸ் தண்ணிக்குக் கழிவு நீர் என்று பெயர் வைத்தது யார்? புத்தகம் எழுதுகிறவர்கள். லயத்தில் அதைக் கான் தண்ணி என்பார்கள், கோபம் வந்தால் அதன் சொந்தப் பெயரையே சொல்லுவார்கள். கழிவு என்றால் தராசு. தண்ணிக் கழிவு என்றால் செல்லசாமி. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் கேட்க ஆள் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். செல்லசாமியும் அதையேதான் நினைத்தார். அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையும் தொழிலாளியும் ஒரே மாதிரி நினைத்தது அதுதான் முதல் தடவை.

மாட்டினால் என்ன ஆகும் என்று செல்லசாமிக்கு நன்றாகத் தெரியும். துரை தோளில் தட்டிய கையைக் கழுவிக்கொள்வார், நான் எப்போது கழிக்கச் சொன்னேன் என்பார். வேலை போகும். வேலை போனால் குவாட்டஸ் போகும். குவாட்டஸ் போனால் திரும்ப லயம்தான். காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸ் வாசலில், தான் அரை ஆளாக்கிய பெண்களுக்கும் அவர்கள் புருசன்மாருக்கும் நடுவில் வரிசையில் நிற்க வேண்டும். அதை நினைத்ததும் சோறு இறங்கவில்லை. மனைவி பூரணி என்னங்க என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல என்று அவள் மேல் எரிந்து விழுந்தார்.

நேரே போய் விசயத்தைக் கேட்டிருந்தால் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பார். திருட்டுப் புத்தி நேரே போகவிடுமா? கண்டாக்கு நிரஞ்சனிடம் சுற்றி வளைத்துத்தான் கேட்டார். கண்டாக்கு என்றால் மலையில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர். நிரஞ்சன் படித்த ஆள், எல்லாம் தெரிந்தவர். இவர் மனதில் ஓடுவது மட்டும் அவருக்குத் தெரியாது. கழிவு விசயமா என்னென்ன பார்ப்பாங்க ஐயா என்று செல்லசாமி நைசாகக் கேட்க, நிரஞ்சன் உற்சாகமாக விளக்கினார்.

"ஒளிக்கவே முடியாதுங்க. ஒரு போத்தல் எடுத்தாப் போதும், போன வாரம் யாரு என்ன பண்ணினாங்கன்னு மொத்தமும் வெளிய வந்துரும். ஆனா பயப்பட வேணாம், தனி ஆளு பேரச் சொல்ல மாட்டாங்க. எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டுமா? தோட்டத்தில் தராசே ஒன்றுதான். செல்லசாமி பேயறைந்தவர்போல நின்றார். போத்தல் எதற்கு என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. கொழுந்திலிருந்து தண்ணீரைப் பிழிந்து போத்தலில் அளப்பார்கள் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். துரைகளுடைய புத்தி எதையும் கண்டுபிடிக்கும் என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை.

அந்த வாரம் முழுக்க மழை கொட்டியது. கொழுந்து சொட்டச் சொட்ட வந்தது. செல்லசாமி ஒரு கிராம் கழிக்கவில்லை. பெண்கள் நம்பாமல் தராசின் முள்ளை எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதுமட்டுமா? இத்தனை காலம் ஏய் என்றும் வா புள்ள என்றும் விரட்டிய வாயால் அம்மா என்றார், தங்கச்சி என்றார். கூடையை இறக்கக் கை கொடுத்தார். வீரம்மாவைப் பார்த்து, ஒடம்புக்குச் சொகமா என்று விசாரித்தார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பக்கத்திலிருந்தவளிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏசினப்பகூட இந்தாள் மேல இம்புட்டு அருவருப்பு வரலடி."

வெள்ளிக்கிழமை வெள்ளை வேன் ஒன்று வந்தது. அதிலிருந்து தனுஜா என்கிற இளம் ஆராய்ச்சிக்காரி இறங்கினாள். கண்டியில் வளர்ந்த பெண், மலைநாட்டுத் தமிழ் தெரியும், தோட்டத்து வாழ்க்கை தெரியாது. ஐஸ் பெட்டியும் போத்தல்களும் மடுவத்தில் இறங்கின. எல்லோரையும் ஒரே இடத்தில் பார்த்துப் பேச வசதி என்று, கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கே அவளைக் கூட்டிவந்திருந்தார் துரை. பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். பேச்சை ஆரம்பிக்குமுன் தனுஜா, இங்கே கழிவு விசயத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டாள். கானைக் கழுவுகிற ஆளைக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் செல்லசாமியைக் கைகாட்டினார்கள்.

அவர் முன்னால் வந்தார். வந்தார் என்பதைவிட, கால் அவரைக் கொண்டுவந்து போட்டது. தனுஜா மரியாதையாகப் பேசினாள்.

"ஐயா, எதையும் மறைக்காமச் சொல்லுங்க. உங்க பேரு வெளிய போகாது."

அவ்வளவுதான். மனுசன் உடைந்து போனார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மழை நாள்ல மட்டும்னு சொன்னா பொய்ங்க அம்மா. வெயில் நாள்லயும் கழிச்சிருக்கேன்."

தனுஜா கொஞ்சம் திகைத்தாள். கானைப் பற்றிக் கேட்டால் இந்த மனிதர் சொந்த வயிற்றைப் பற்றிச் சொல்கிறாரே என்று நினைத்தாள். ஆனாலும் கழிச்சல் என்பது கேட்க வேண்டிய விசயம்தான், அந்த வைரஸ் குடலிலும் தங்கும். அடிக்கடியா என்று கேட்டாள்.

"தினமுங்க. காலையில ஒருக்கா, பகலைக்கு ஒருக்கா, அந்திக்கு ஒருக்கா."

"தண்ணியாவா?"

"ஆமாங்க. தண்ணின்னு சொல்லித்தான் கழிச்சேன்."

"எத்தனை நாளா?"

"இந்த வேலைக்கு வந்ததுல இருந்துங்க. பதினெட்டு வருசமா."

தனுஜாவின் முகம் மாறியது. அவளோடு வந்தவர்கள் கிட்டே வந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வீரம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்தாள். இவர்கள் வந்தது எந்தத் தண்ணிக்கு என்று தெரிந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"ஒரு தடவைக்கு எவ்வளவு இருக்கும் ஐயா?"

"ரெண்டு கிலோங்க. மழைன்னா மூணும் போயிருக்கு."

அதற்கு மேல் முந்தானை தாங்கவில்லை. ஒருத்தி சிரித்தாள், பிறகு மடுவமே சிரித்தது. கூடைகள் சரிந்து கொழுந்து தரையில் கொட்டியது. செல்லசாமி சுற்றிலும் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை.

துரைக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பெண் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்தது, சரியாகப் புரிந்துகொண்டால் பேச்சு கொழும்புவரை போகும் என்பதும் தெரிந்தது. பெரிய இடத்து மூளை, உடனே வேலை செய்தது. குரலில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு நடுவில் வந்தார். பாவம் மிஸ், இவருக்கு ரொம்பக் காலமாக வயிறு சரியில்லை என்றார். பிறகு செல்லசாமியைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாக அழுத்திக் கேட்டார்.

"என்ன கணக்கப்புள்ள, வயித்தால போறதைத்தானே சொன்னீங்க?"

அப்போதுதான் செல்லசாமிக்கு உறைத்தது. யாரும் தராசைச் சோதிக்க வரவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி, ஊர் முன்னால் தன் குட்டைத் தானே உடைத்திருக்கிறார். இப்போது இரண்டு வழிதான் இருந்தது. ஏழைப் பெண்களின் கொழுந்தைத் திருடினேன் என்று சொல்லலாம். அல்லது பதினெட்டு வருடமாகப் பேதி என்று சொல்லலாம். கொஞ்சமாவது சூடு சொரணை உள்ளவன் ஒரு நிமிடமாவது தடுமாறுவான். இவர் தடுமாறவே இல்லை.

"ஆமாங்க தொரை. வயிறுதாங்க."

துரை மூச்சுவிட்டார். விசயம் அதோடு முடிந்திருக்கும். வீரம்மா முன்னால் வந்தாள். சிரிப்பு அவள் முகத்தில் சுத்தமாக இல்லை.

"மிஸ், இது ஊரே வாயில வைக்கிற தேயிலைங்க. அத்தனையும் அவரு கை பட்டுத்தான் போகுது. இப்படி வயித்தால போற ஆளு தராசுகிட்ட நிக்கலாமாங்க?"

"நிக்கவே கூடாது," என்றாள் தனுஜா. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உணவுப் பொருளைத் தொடுகிற வேலையில் இப்படிப்பட்ட ஒருவரை வைத்திருந்ததே தப்பு என்று துரையிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். துரை தலையாட்ட வேண்டியதாயிற்று, அவரே சொன்ன பொய்யாயிற்றே. அன்றைக்கே நிரஞ்சன் தராசுக்கு வந்தார். சோதனைக்காரர்கள் வாராவாரம் வந்துபோகிற இடத்தில் உச்சி வெயிலில் பனிக்குக் கழிக்க அவருக்குப் பைத்தியமா? நனைந்த கொழுந்துக்கு நியாயமாகக் கழித்தார், காய்ந்த கொழுந்துக்கு முழுசாகப் போட்டார். பெண்கள் முழுப்பேரோடு வீட்டுக்குப் போனார்கள்.

செல்லசாமியை உர ஸ்டோருக்குக் காவல் போட்டார்கள். குவாட்டஸ் தப்பியது. ஆனால் தனுஜா அவரைச் சும்மா விடவில்லை. ஒரே மனிதரின் குடலில் வைரஸ் நெடுநாள் தங்கினால் அங்கேயே உருமாறிப் புதுத் திரிபாக வெளியே வரும், அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அபூர்வம் என்று விளக்கினாள். அவர் கையில் மூடிபோட்ட சின்னப் போத்தல் ஒன்றைக் கொடுத்து, வாராவாரம் மாதிரி வேண்டும் என்றாள். லயத்துக் கானிலிருந்து ஒரு போத்தல், செல்லசாமியிடமிருந்து ஒரு போத்தல். வெள்ளிக்கிழமை வந்தால் பேப்பரில் சுற்றியதை எடுத்துக்கொண்டு மடுவத்துக்கு முன்னால் நிற்பார். கொழுந்தோடு வருகிற பெண்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள். சிலர் மூக்கை முந்தானையால் பொத்திக்கொள்வார்கள்.

சீசன் முடிகிற சமயத்தில் தனுஜா முடிவுகளோடு வந்தாள். கானில் ஒரு புதுத் திரிபு வந்திருந்தது. கொழும்பில் ஏற்கெனவே சுற்றுகிற வகைதான், யாரோ பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார்கள். வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கொஞ்ச நாள் கூட்டமுள்ள இடத்துக்குப் போக வேண்டாம், காய்ச்சல் என்றால் உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள் என்று பெண்களுக்குச் சொன்னாள். பிறகு செல்லசாமியின் பக்கம் திரும்பினாள். துரையும் அங்கேதான் நின்றார். அவள் முகத்தில் நிஜமான குழப்பம்.

"ஐயா, உங்க மாதிரியில வைரஸும் இல்ல, வேற நோய்க் கிருமியும் இல்ல. இவ்வளவு சுத்தமான வயிறை நான் பார்த்ததே இல்ல. அப்ப அன்னைக்குப் பதினெட்டு வருசமா கழிச்சேன்னு சொன்னது என்னது?"

செல்லசாமி துரையைப் பார்த்தார். துரை மலையைப் பார்த்தார். நிரஞ்சன் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்க ஐயா," என்றாள் வீரம்மா. "நாங்களும் அதைத்தான் கேக்கக் காத்துக்கிட்டு இருக்கோம்."

தராசு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் குவாட்டஸ் போகும், ஆனால் அந்தப் பெண்கள் முன்னால் வாழ்க்கையில் ஒருமுறை மனுசனாக நின்றிருக்கலாம். செல்லசாமி தனுஜாவின் பக்கம் திரும்பினார்.

"இல்லைங்க அம்மா, வயிறுதாங்க. இன்னும் நிக்கல."

தனுஜா பாவப்பட்டுப் பெட்டியைத் திறந்து இன்னொரு போத்தலை எடுத்து நீட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.